அப்பாவின் ரிப்போர்ட்டில் "ஜாக்2 வி617எஃப் பாசிட்டிவ்": பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு 61 வயது. ஹீமோகுளோபின் 19.2, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணு பிடித்திருக்கிற இடம், சதவீதத்தில்) 58, பிளேட்லெட்டும் அளவுக்கு மேல். இரண்டு வருடமாகக் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி அரிப்பு, சோப்பை மூன்று தடவை மாற்றியும் போகவில்லை. இப்போது எரித்ரோபொய்டின் குறைவு என்றும், "ஜாக்2 வி617எஃப் பாசிட்டிவ், 38 சதவீதம்" என்றும் ரிப்போர்ட் வந்திருக்கிறது, சிவப்பணு அளவுக்கு மேல் பெருகுகிற பாலிசைத்தீமியா வேரா என்ற ரத்த நோயைக் காட்டுவது. இது கேன்சரா, எனக்கும் தம்பிக்கும் வருமா, ரத்தத்தை எடுத்துக் கொட்டுவதுதான் வைத்தியமா, மாத்திரை கிடையாதா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் டாக்டர் இல்லை. மாலிகுலர் லேபில் இந்த டெஸ்டையே பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறவன். அதனால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் ரத்தநோய் நிபுணரிடம் விட்டுவிட்டு, அந்த ஜீன் என்ன செய்கிறது, அந்த ஒரு எழுத்து மாறினால் ஏன் இத்தனையும் நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் உங்கள் நாலு கேள்விக்கும் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

கைனேஸ் என்பது ஒரு வகை என்சைம். செல்லுக்குள் ஏடிபி என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது, அதில் மூன்று பாஸ்பேட் வரிசையாகத் தொங்கும். கடைசிப் பாஸ்பேட்டைப் பிய்த்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் கைனேஸின் வேலை, அவ்வளவே. ஆனால் அந்தச் சின்னப் பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும், தூங்கிக்கொண்டிருந்தது விழிக்கும், அல்லது விழித்திருந்தது அடங்கும். மனித ஜீனோமில் இப்படி எத்தனை கைனேஸ் என்று 2002இல் எண்ணிப் பார்த்தபோது 518 வந்தது. அதில் ஒன்று ஜாக்2. 1,132 அமினோ அமிலம் நீளமான புரதம், அதற்கான ஜீன் 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது.

பெயருக்கு ஒரு கதை உண்டு. 1980களின் கடைசியில் மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்பவர் அப்போது புதிதாக வந்திருந்த பிசிஆர் முறையை வைத்துக் கைனேஸ்களைத் துழாவிக்கொண்டிருந்தார். ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்ததால், "ஜஸ்ட் அனதர் கைனேஸ்", அதாவது "இதுவும் இன்னொரு கைனேஸ்தான்" என்று சலித்துக்கொண்டு ஜாக் என்று வைத்தாராம். பிறகு பார்த்தால் இதன் உடலில் கைனேஸ் மாதிரியே இரண்டு பகுதிகள் பக்கத்துப் பக்கத்தில். உடனே ரோமானியர்களின் இரட்டை முகக் கடவுளான ஜேனஸின் பெயரைச் சொல்லி கௌரவமாக்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது முகத்தில்தான் உங்கள் அப்பாவின் கதை இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு பகுதிகளில் ஒன்றுதான் முழு வீச்சில் வேலை செய்கிற கைனேஸ். மற்றது பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் கைனேஸாக வேலை என்று சொல்லிக்கொள்ள பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால் போலி கைனேஸ் என்பார்கள். நீண்ட நாள் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. உண்மையில் அது பக்கத்து வீட்டுக்காரனை அடக்கி வைக்கிற வேலையைச் செய்கிறது.

வீட்டு வாசல் காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை அனுப்பும், அதுதான் பெல்லை அமுக்குகிற விரல். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற செல்லின் மேல் அதற்கான ரிசெப்டர், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டுகிற புரதம், இரண்டிரண்டாக இருக்கிறது, ஒவ்வொன்றின் உள்பக்க வாலிலும் ஒரு ஜாக்2 உட்கார்ந்திருக்கிறது. விரல் பட்டதும் இரண்டு ரிசெப்டர்களும் சரியான கோணத்தில் நெருங்குகின்றன, அவற்றில் உட்கார்ந்திருக்கிற இரண்டு ஜாக்2களும் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டி எழுப்பிவிடும், அப்புறம் ஸ்டாட்5 என்ற புரதம் அந்தப் பாஸ்பேட்டை வாங்கிக்கொண்டு செல்லின் நியூக்ளியசுக்குள் போய் "சிவப்பணு செய்" என்று சொல்லும். உள்ளே பெல் அடிக்கிறது. விரலை எடுத்தால் ஸ்விட்சில் இருக்கிற ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும், பெல் நிற்கும். போலி கைனேஸ்தான் அந்த ஸ்பிரிங். நம் உடம்பில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணு புதிதாக உருவாகிறது என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஸ்விட்ச் ஒழுங்காக நிற்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஜாக்2 இல்லாமல் வளர்த்த எலிக் கருக்கள் சிவப்பணு செய்ய முடியாமல் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன.

இப்போது வி617எஃப். 617ஆம் இடத்தில் வேலின் இருக்க வேண்டும், டிஎன்ஏயில் அதற்கான மூன்று எழுத்து ஜி, டி, சி. முதல் எழுத்தான ஜி மாறி டி ஆகிவிட்டது, டி, டி, சி. அது ஃபினைல்அலனின் என்ற பருத்த அமினோ அமிலத்துக்கான சொல். வேலினுக்கு வி, ஃபினைல்அலனினுக்கு எஃப், பெயர் அங்கிருந்து வருகிறது. மாறிய இடம் அந்தப் போலி கைனேஸ் பகுதியில். அதாவது பெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்பிரிங்தான் போய்விட்டது. ஸ்விட்ச் உள்ளேயே சிக்கிக்கொண்டது, விரல் இல்லாமலே அடித்துக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணு தேவைக்கு மேல் இருப்பதைப் பார்த்து சிறுநீரகம் எரித்ரோபொய்டினைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் அப்பா ரிப்போர்ட்டில் எரித்ரோபொய்டின் குறைவு என்று போட்டிருப்பது அதனால்தான். அது தனியாக இன்னொரு வியாதி இல்லை, யாரும் பெல்லைத் தொடவில்லை என்பதற்கான சாட்சி. பீடி சிகரெட், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, மலை மேல் வாழ்வது போன்றவற்றாலும் ஹீமோகுளோபின் ஏறும், ஆனால் அங்கெல்லாம் எரித்ரோபொய்டின் சாதாரணமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும்.

பிளேட்லெட் ஏன் கூடியது என்று கேட்பீர்கள். பிளேட்லெட்டைப் பெருக்குகிற ஹார்மோனின் ரிசெப்டரும், ஒரு வகை வெள்ளணுவைப் பெருக்குகிறதும் இதே ஜாக்2வைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. ஸ்பிரிங் போன ஜாக்2 இந்த ரிசெப்டர்களில் உட்கார்ந்தால்தான் ஆட்டம் போடுகிறது, அதனால் தொந்தரவெல்லாம் ரத்த செல்களில் மட்டும்.

டெஸ்ட் போடுகிறவனாக இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வியாதி சிவப்பணுவில், ஆனால் நாங்கள் பார்ப்பது வெள்ளணுவை. ஊதா மூடி டியூபில் ரத்தம் வரும், இந்த வியாதிக்காரர்களுடையது கையில் சாய்த்தாலே தெரியும், கறுத்துக் கெட்டியாக, சுழற்றினால் பிளாஸ்மா மேலே ஒரு மெல்லிய பட்டைதான் நிற்கும். அந்தச் சிவப்பை முழுதும் உடைத்து வெளியே கொட்டிவிடுவோம், ஏனென்றால் முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது, டிஎன்ஏ கிடையாது, அதில் தேடி ஒன்றும் கிடைக்காது. மிஞ்சுகிற வெள்ளணுக்களில்தான் ஜீனைப் படிக்கிறோம். சிவப்பணு பெருகுகிற நோய்க்கான எழுத்துப் பிழை வெள்ளணுவில் ஏன் இருக்கிறது? இரண்டுக்கும் தாயான மஜ்ஜை ஸ்டெம் செல்லிலேயே பிழை நடந்துவிட்டது, அதனால். அப்பாவின் எச்சிலிலோ தோலிலோ இந்தப் பிழை பிறவியாக எழுதப்பட்டிருக்காது. ஒரே ஒரு செல்லில் தொடங்கி அதன் வாரிசுகளில் மட்டும் ஓடுவது இது.

இதைக் கண்டுபிடிக்க நாள் ஆனது. நோயை 1892இலேயே பிரெஞ்சு மருத்துவர் வாக்கே எழுதிவிட்டார், 1903இல் ஆஸ்லர் மறுபடி விவரித்தார், பெயர் பாலிசைத்தீமியா வேரா. 1951இல் வில்லியம் டாமெஷெக் என்பவர், இதுவும், பிளேட்லெட் மட்டும் கூடுகிற நோயும், மஜ்ஜை நார் பிடித்துப்போகிற மைலோஃபைப்ரோசிஸும் ஒரே குடும்பம்தான், பின்னால் பொதுவாக ஏதோ ஒன்று மஜ்ஜையைத் தூண்டுகிறது என்று எழுதினார். அது ஊகம்தான், கையில் ஒரு ஆதாரமும் இல்லை. 1974இல் இந்த நோயாளிகளின் மஜ்ஜையை டிஷ்ஷில் வளர்த்தவர்கள் எரித்ரோபொய்டின் சேர்க்காமலே சிவப்பணுக் கூட்டம் வளர்வதைப் பார்த்தார்கள். அதாவது விரல் இல்லாமல் பெல் அடிப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இருந்தும் ஸ்விட்சைக் கண்டுபிடிக்க இன்னும் 31 வருடம். 2005இல் பாரிஸ் பக்கம் வான்ஷெங்கர், கேம்பிரிட்ஜில் டோனி கிரீன், பாசலில் ஸ்கோடா, பாஸ்டனில் கில்லிலண்ட் என்று நாலு குழுக்கள் சில வாரம் முன்னே பின்னே அதே ஒரு எழுத்தில் வந்து நின்றன. இதில் வேடிக்கை, பழ ஈயில் ஜாக்குக்கு ஒத்த ஜீன் கெட்டால் ஈக்கு லுகேமியா மாதிரி வரும் என்று 1995லேயே தெரியும். ஈயில் தெரிந்தது மனிதனில் தெரியப் பத்து வருடம்.

பாலிசைத்தீமியா வேரா உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு வி617எஃப் இருக்கிறது, மிச்சத்தில் பெரும்பாலோருக்கு அதே ஜீனில் எக்ஸான் 12 என்ற இடத்தில் பிழை. பிளேட்லெட் நோயிலும் மைலோஃபைப்ரோசிஸிலும் பாதிப் பேருக்கு மேல் இதே வி617எஃப்தான். டாமெஷெக் சொன்னது அநேகமாகச் சரி.

சரி, கேன்சரா? வகைப்பாட்டின்படி ஆமாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் இந்தக் குடும்பத்தின் பெயரில் இருந்த "நோய்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கட்டி வகையைக் குறிக்கும் "நியோபிளாசம்" என்று மாற்றியது. ஒரே செல்லின் வாரிசுகள் அளவில்லாமல் பெருகுவதால் அந்தப் பெயர் நியாயம்தான். ஆனால் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டதும் மனதில் வருகிற படம் இதற்குப் பொருந்தாது. இது வருடக்கணக்கில், பலருக்குப் பல பத்து வருடக்கணக்கில் நகர்கிற விஷயம். சிலருக்குப் பிற்காலத்தில் மைலோஃபைப்ரோசிஸாகவும், அதைவிடக் குறைவான பேருக்கு லுகேமியாவாகவும் மாறலாம், அதற்காகத்தான் விடாமல் பார்த்துக்கொள்வது. இப்போதைக்கு உண்மையான ஆபத்து அது இல்லை, ரத்தம் உறைவது. பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்தக்கட்டி, சிலருக்குக் கல்லீரலைச் சுற்றிய நாளங்களில். வயிற்றில் அப்படி ஒரு உறைவு காரணமில்லாமல் வந்தால், ஹீமோகுளோபின் சாதாரணமாக இருந்தாலும் இந்த ஜாக்2 டெஸ்ட் எழுதுவது அதனால்தான்.

38 சதவீதம் என்பதைப் பற்றி. அனுப்பிய ரத்தத்தில் இருந்த ஜாக்2 ஜீன் நகல்கள் நூறில் 38 பிழையானவை என்று பொருள். அப்பாவின் செல்களில் 38 சதவீதம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை, ஏனென்றால் ஒரு செல்லுக்கு இரண்டு நகல், ஒன்றில் மட்டும் பிழை இருந்தாலும் செல் முழுக்க அந்த வாரிசுதான். 50ஐத் தாண்டினால் சில செல்களில் இரண்டு நகலும் பிழையாகிவிட்டன என்று தெரியும், செல் பிரியும்போது நல்ல நகல் இருந்த துண்டு போய் பிழையான துண்டே இரண்டாகிவிடுவதால் வருவது. பாசல் குழு அந்தத் துண்டைத் துரத்திக்கொண்டு போய்த்தான் இந்த ஜீனைப் பிடித்தது. இந்த எண் ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்குச் சில புள்ளி ஆடும், அதனால் மாதாமாதம் போட்டு 38, 41 என்று ஒப்பிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். வெறும் "பாசிட்டிவ்" என்று எண்ணே இல்லாமல் வருகிற ரிப்போர்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன், ஒருவர் அதை வைத்துக்கொண்டு எச்ஐவி என்று நினைத்து ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா? அப்பாவிடமிருந்து இந்தப் பிழை உங்களுக்கு வராது. விந்தணு உருவாகிற செல்லில் அது இல்லை, அதனால் கடத்தவும் முடியாது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: 9ஆம் குரோமோசோமில் ஜாக்2வைச் சுற்றி 46/1 என்று அழைக்கப்படுகிற ஒரு பரம்பரை அமைப்பு சிலருக்கு இருக்கிறது, அது இருந்தால் இந்தப் பிழை வருகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஸ்வீடனில் நோயாளிகளின் நெருங்கிய சொந்தங்களைப் பார்த்த பெரிய ஆய்வில் மற்றவர்களைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு என்று வந்தது. ஐந்து மடங்கு என்றதும் பயமாக இருக்கும், ஆனால் லட்சத்தில் ஒரு சிலருக்கு வருகிற நோயின் ஐந்து மடங்கு அது. தொந்தரவு எதுவும் இல்லாமல் நீங்கள் இருவரும் ஜாக்2 டெஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வேறு எதற்காவது ரத்தம் கொடுக்கும்போது ரத்த அணுக்களை எண்ணுகிற சாதாரண சிபிசி டெஸ்ட் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

"அப்பா என்ன தப்பு செய்தார், சாப்பாட்டிலா?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதற்கு ஒரு ஆச்சரியமான பதில் இருக்கிறது. செல் பிரியும்போது டிஎன்ஏயில் சேர்கிற சின்னச் சின்ன மாற்றங்களை எண்ணி, வி617எஃப் எப்போது வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2021இல் வந்த ஒரு ஆய்வில் 34 வயதுக்காரர் ஒருவருக்கு அது வந்தது ஏறக்குறைய 9 வயதில், 63 வயதுக்காரர் ஒருவருக்கு 19 வயதில். அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வில் தாய் வயிற்றிலேயே வந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் அப்பாவுக்கும் அது அவர் அரை டிராயர் போட்ட காலத்தில் ஏதோ ஒரு மதியம் ஒரு செல் பிரிகிறபோது நடந்திருக்கலாம். அந்த ஒரு செல்லின் குடும்பம் மெல்ல மெல்லப் பெருகி 58 பிசிவி ஆக இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். நம் ஊரில் எல்லோருக்கும் ரத்தம் கம்மி என்றுதான் கேட்டுப் பழக்கம், 19 என்றால் "நல்ல ரத்தம்" என்று பாராட்டுவார்கள். எனக்குத் தெரிந்தே ஒருவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினார், காலில் ரத்தக்கட்டி வந்த பிறகுதான் யாரோ பிசிவியைப் பார்த்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே எண் அந்தப் பிசிவிதான், சில லேபில் ஹெமட்டோக்ரிட் என்று போட்டிருக்கும். அதை 45க்குக் கீழே வைக்க வேண்டும். இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் இல்லை. இத்தாலியில் 365 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 45க்குக் கீழ், மற்றதற்கு 45 முதல் 50 வரை என்று வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2013இல் வந்தது. இதய, ரத்தநாள மரணமும் பெரிய உறைவும் முதல் பிரிவில் 2.7 சதவீதம், இரண்டாவதில் 9.8. அந்த ஐந்து புள்ளிக்கு இவ்வளவு விலை.

குறைக்க எளிய வழி ரத்தத்தை எடுத்துவிடுவதுதான். பழங்கால வைத்தியம் மாதிரி தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. ஒரு பை எடுத்தால் அதோடு இரும்பும் போகிறது, இரும்பு தீர்ந்தால் மஜ்ஜை எவ்வளவு பெல் அடித்தாலும் சிவப்பணு செய்யச் சரக்கு இருக்காது. இங்கேதான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. நாலு தடவை ரத்தம் எடுத்த பிறகு ரிப்போர்ட்டில் இரும்பு குறைவு, சிவப்பணு அளவு சின்னது என்று வரும். விஷயம் தெரியாத யாராவது இரும்பு மாத்திரை எழுதிவிடுவார்கள், அல்லது நீங்களே மருந்துக்கடையில் வாங்கிக் கொடுப்பீர்கள், பிசிவி பழையபடி ஏறும். ரத்தநோய் நிபுணரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை தொடவே வேண்டாம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழமெல்லாம் வழக்கம்போலச் சாப்பிடட்டும், அதில் வருகிற இரும்பு அவ்வளவு பெரிய விஷயமில்லை. அந்த ரத்தத்தைத் தானமாகக் கொடுக்கலாமே என்றும் கேட்பார்கள், பொதுவாக அதை வேறு யாருக்கும் ஏற்றமாட்டார்கள்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் அநேகமாக எழுதியிருப்பார்கள், வயிற்றில் புண், ரத்தக்கசிவு இருந்தால் சொல்லிவிடுங்கள். 60 வயதைத் தாண்டியவர் என்பதால் உறைவு ஆபத்து அதிகமுள்ள பிரிவில் உங்கள் அப்பா வருவார், அதனால் ஹைட்ராக்ஸியூரியா மாதிரி செல் பெருகுவதை அடக்குகிற மருந்தைப் பற்றியும் பேசுவார்கள். இன்டர்ஃபெரான் ஊசி இன்னொரு வழி, அதில் பல வருடம் போட்டவர்களில் சிலருக்கு அந்த 38 சதவீதமே நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

கடைசியில் மாத்திரை. ஜாக்2வையே அடக்குகிற ருக்ஸோலிட்டினிப் இருக்கிறது, அமெரிக்காவில் மைலோஃபைப்ரோசிஸுக்கு 2011 நவம்பரிலும், ஹைட்ராக்ஸியூரியா கேட்காத அல்லது ஒத்துக்கொள்ளாத பாலிசைத்தீமியாவுக்கு 2014இலும் அனுமதி கிடைத்தது. இது வந்ததும் பலர் இன்னொரு ரத்தப் புற்றுநோயில் இமாட்டினிப் என்ற மாத்திரை செய்த அற்புதத்தை எதிர்பார்த்தார்கள். அப்படி ஆகவில்லை, காரணம் மறுபடி அந்த இரட்டை முகம்தான். மருந்து போய் உட்காருவது வேலை செய்கிற கைனேஸில் ஏடிபி நுழைகிற குழியில். பிழை இருப்பதோ பக்கத்திலிருக்கிற போலி கைனேஸில். அந்தக் குழி நல்ல ஜாக்2விலும் பிழையான ஜாக்2விலும் ஒன்றுபோலவே இருப்பதால் மருந்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் பெல்லுக்குப் போகிற கரண்ட்டைக் குறைக்கிற வேலை அது. மண்ணீரல் வீக்கம் இறங்கும், அரிப்பு குறையும், உடம்பு தேறும், ஆனால் அந்த வாரிசு செல்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், கூடவே ரத்தசோகையும் வரலாம். நோய் எதிர்ப்பையும் தட்டிவைக்கும் என்பதால் ஆரம்பிக்கும் முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பது நம் நாட்டில் முக்கியம், அக்கி வந்தாலும் உடனே காட்ட வேண்டும். இதைச் சாப்பிடுகிறவர்கள் ஊருக்குப் போகிறோம், தீர்ந்துவிட்டது என்று சட்டென்று நிறுத்தக் கூடாது, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து திரும்பிவரும். உங்கள் அப்பாவுக்கு இது முதல் மருந்தாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் அந்த அரிப்பு. அது இந்த நோயின் பழைய அடையாளம், தோல் டாக்டரிடம் அலைந்துவிட்டு ரத்த டாக்டரிடம் வருகிறவர்கள் நிறைய. தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில், தடிப்போ சொறியோ எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும், வெந்நீரில் பலருக்கு அதிகம். பிசிவி இறங்கினால் சிலருக்குப் போய்விடும், சிலருக்கு அப்போதும் நிற்காது, அவர்களுக்குத் தனியாக மருந்து தருவார்கள், அதனால் "சின்ன விஷயம்தானே" என்று அப்பா சொல்லாமல் விட்டுவிடப் போகிறார், அடுத்த தடவை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். சோப்பு பழையதே இருக்கட்டும்.